மூன்று முதல் ஐந்து வயதுக் குழந்தையோடு நான்கு நாள் வெளிநாட்டு நகரப் பயணம்: முழுமையான வழிகாட்டி

மூன்று முதல் ஐந்து வயதுக் குழந்தையிடமிருந்து ஒரு நாளில் கிடைக்கும் நல்ல நேரம் ஐந்து மணி, மிஞ்சிப்போனால் ஆறு மணி. காலையில் மூன்று மணி நேரம், மதிய ஓய்வுக்குப் பிறகு இரண்டு, இரண்டரை மணி நேரம். மீதியெல்லாம் தூக்கம், சாப்பாடு, கழிவறை, சிணுங்கல். எந்த ஊர், எந்த விமானம், எந்த ஹோட்டல் என்று முடிவெடுக்கும்போதெல்லாம் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: இது அந்த ஐந்து மணி நேரத்தைக் காப்பாற்றுமா, தின்றுவிடுமா? கீழே வருபவை எல்லாம் அந்தக் கணக்கில்தான் சொல்லப்படுகின்றன.

எத்தனை நாள், எவ்வளவு தூரம்

இரண்டு இரவு என்றால் முழு நாள் ஒன்றே ஒன்றுதான் கையில் நிற்கும். அன்று குழந்தைக்குக் காய்ச்சலோ ஊருக்கு மழையோ வந்தால் பயணமே போயிற்று. மூன்று இரவு குறைந்தபட்சம், நான்கு இரவு வசதியானது. நேரடி விமானம், பறக்கும் நேரம் நான்கு மணிக்குள் இருப்பது நல்லது. நடுவில் விமானம் மாறினால் காசு மிச்சமாகலாம். ஆனால் ஒரு தாமதம் நேர்ந்தால் இரவு பதினொரு மணிக்கு, தூங்கிவிட்ட குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு இன்னொரு முனையத்துக்கு ஓட வேண்டியிருக்கும்.

தூரத்தைவிட முக்கியம் நேர வித்தியாசம். உடலின் கடிகாரம் நாளொன்றுக்கு ஏறக்குறைய ஒரு மணி நேரம்தான் நகரும். மூன்று மணி நேர வித்தியாசமுள்ள ஊருக்கு நான்கு நாள் போனால், குழந்தை பழகி முடிக்கும்போது திரும்பும் விமானம் வந்துவிடும். ஆகவே மூன்று மணி நேரம் வரையிலான வித்தியாசத்துக்குக் குழந்தையை மாற்ற முயலாமல், வீட்டு நேரத்திலேயே விட்டுவிடுங்கள்.

இதில் திசையையும் பார்க்க வேண்டும். கிழக்கே இரண்டு மணி நேரம் போனால், வீட்டில் எட்டு மணிக்குத் தூங்கும் குழந்தை அங்கே பத்து மணிக்குத் தூங்கும், காலை ஒன்பதுக்கு எழும். இரவு விளக்குகளைப் பார்க்கலாம், பெற்றோரும் நிதானமாகச் சாப்பிடலாம். மேற்கே அதே இரண்டு மணி நேரம் போனால், ஐந்து மணிக்கு எழுந்து உட்கார்ந்துகொள்ளும், மாலை ஆறுக்குக் கண் சொருகும். அதிகாலையில் எதுவும் திறந்திருக்காது. மேற்கே போவதானால் அறையிலேயே இரண்டு மணி நேரம் ஓட்டுவதற்கான புத்தகம், வண்ணப் பென்சில், காலை உணவு ஆகியவற்றை முதல் நாள் மாலையே வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

கிழமையையும் பாருங்கள். ஐரோப்பாவில் பல அருங்காட்சியகங்கள் திங்களன்று மூடியிருக்கும், பாரிஸின் லூவர் செவ்வாயன்று. ஜப்பானில் ஏப்ரல் இறுதி முதல் மே முதல் வாரம் வரை நாடே விடுமுறையில் இருக்கும். ரயிலில் நிற்க இடம் கிடைக்காது.

ஊரைத் தேர்வது

புகழ்பெற்ற ஊர் வேறு, சின்னக் குழந்தைக்கு இசைந்த ஊர் வேறு. விமான நிலையத்திலிருந்து ஊருக்குள் எவ்வளவு நேரம், ரயில் நிலையங்களில் லிஃப்ட் உண்டா, பார்க்க நினைக்கும் இடங்கள் இரண்டு கிலோமீட்டர் வட்டத்துக்குள் இருக்கின்றனவா, நடுவே விளையாட்டுத் திடல் உண்டா என்று பார்த்தால் பாதி ஊர்கள் தாமாகவே கழன்றுவிடும்.

கோபன்ஹேகனில் விமான நிலையத்திலிருந்து மெட்ரோவில் சுமார் 15 நிமிடத்தில் நகர மையம். ஓட்டுநர் இல்லாத ரயில் என்பதால் முன் கண்ணாடியில் ஒட்டிக்கொண்டு சுரங்கத்தைப் பார்க்கலாம். பல குழந்தைகளுக்கு அதுவே பெரிய காட்சி. சிங்கப்பூரின் மெட்ரோ நிலையங்களில் லிஃப்ட் உண்டு. பாரிஸ் மெட்ரோவின் பழைய வழித்தடங்களிலோ பெரும்பாலும் படிக்கட்டுதான். 14ஆம் தடத்தில் மட்டுமே எல்லா நிலையங்களிலும் லிஃப்ட் இருக்கிறது. அங்கே பேருந்தை நம்புவது மேல். வெனிஸில் கால்வாய்களைக் கடக்கும் நூற்றுக்கணக்கான பாலங்களில் பெரும்பாலானவற்றுக்குப் படிகள் உண்டு. ஒவ்வொரு பாலத்திலும் ஸ்ட்ரோலரை, அதாவது குழந்தையை உட்காரவைத்துத் தள்ளும் வண்டியை, தூக்க வேண்டும். அழகான ஊர்தான்; குழந்தைக்கு எட்டு வயதான பிறகு போகலாம்.

ஒரே ஊருக்கு இரண்டு விமான நிலையங்கள் இருந்தால் பெயரைப் பார்த்து ஏமாறாதீர்கள். டோக்கியோவின் ஹனெடா நகரத்தை ஒட்டியே இருக்கிறது. நரிட்டா சுமார் 60 கிலோமீட்டர் தள்ளி. ‘பாரிஸ்’ என்று சொல்லி மலிவு விமானங்கள் இறக்கிவிடும் போவே, பாரிஸிலிருந்து ஏறக்குறைய 85 கிலோமீட்டர். டிக்கெட்டில் மிச்சமானது பேருந்துக் கட்டணத்திலும் குழந்தையின் பொறுமையிலும் கரைந்துவிடும்.

பாஸ்போர்ட், விசா, ஒப்புதல் கடிதம்

குழந்தைக்குத் தனி பாஸ்போர்ட் வேண்டும். குழந்தைகளின் பாஸ்போர்ட்டுக்குப் பல நாடுகளில் செல்லுபடிக் காலம் குறைவு என்பதால், உங்களுடையது சரியாக இருக்கும்போதே குழந்தையுடையது முடிந்துபோயிருக்கலாம். பல நாடுகள் ஆறு மாதம் மிச்சம் கேட்கின்றன. ஷெங்கன் நாடுகளில் (ஒரே விசாவில் சுற்றக்கூடிய ஐரோப்பிய நாடுகள்) திரும்பும் தேதிக்குப் பின் மூன்று மாதம் செல்லுபடியாக வேண்டும். பாஸ்போர்ட் கடந்த பத்து ஆண்டுகளுக்குள் வழங்கப்பட்டதாகவும் இருக்க வேண்டும்.

ஷெங்கன் விசா தேவைப்படுவோர் பயணத்துக்கு ஆறு மாதம் முன்பிருந்து விண்ணப்பிக்கலாம்; குறைந்தது 15 நாள் முன்பாவது கொடுத்துவிட வேண்டும். ஆறு வயதுக்குட்பட்ட குழந்தைக்கு விசாக் கட்டணம் இல்லை, பன்னிரண்டு வயதுவரை கைரேகையும் இல்லை. ஆனால் விண்ணப்பம் தனியாக வேண்டும். விசா தேவைப்படாதவர்கள் எடுக்கும், பிரிட்டனின் இ.டி.ஏ., அமெரிக்காவின் எஸ்டா போன்ற மின்னணு அனுமதிகளும் அப்படியே, கைக்குழந்தைக்குக்கூடத் தனித்தனி. பெரியவர்களுக்கு மட்டும் எடுத்துவிட்டு செக்-இன் கவுண்டரில் நிற்பது அடிக்கடி நடக்கும் தவறு.

பெற்றோரில் ஒருவர் மட்டும் குழந்தையைக் கூட்டிப் போனால், மற்றவர் கையெழுத்திட்டு நோட்டரி சான்றளித்த ஒப்புதல் கடிதமும் பிறப்புச் சான்றிதழின் நகலும் கையில் இருக்கட்டும். பெற்றோருக்கும் குழந்தைக்கும் குடும்பப் பெயர் வேறாக இருந்தால், இருவரும் சேர்ந்து போனாலும் பிறப்புச் சான்றிதழ் உதவும். பயணக் காப்பீட்டை டிக்கெட் எடுக்கும் அன்றே எடுங்கள். குழந்தையின் நோயால் பயணம் ரத்தானால் பணம் வருமா என்ற வரியைத் தேடிப் படியுங்கள். இந்த வயதில் ரத்தாவதற்குப் பெரும்பாலும் அதுதான் காரணம்.

டிக்கெட்

இரண்டு வயது முடிந்த குழந்தைக்குத் தனி இருக்கை கட்டாயம். அதிகாலை ஆறு மணி விமானம் மலிவாகத் தெரியும். அதற்கு இரண்டு மணிக்கே குழந்தையை எழுப்ப வேண்டும், அன்றைய நாள் முழுவதும் வீண். காலை ஒன்பதிலிருந்து பகல் ஒன்றுக்குள் கிளம்புவது சிறந்தது. ஊரில் இறங்கி, வெளிச்சம் இருக்கும்போதே அறைக்குப் போய்விடலாம்.

இருக்கைகளைப் பதிவு செய்யும்போதே தேர்ந்துவிடுங்கள். குழந்தை ஜன்னலோரம், பக்கத்தில் பெரியவர். நடைபாதை ஓரம் வேண்டாம்: சூடான பானத்தோடு தள்ளுவண்டி போகும் வழி அது, சின்னக் கைகளும் அங்கேதான் நீளும். குழந்தைக்கான கார் சீட்டை விமானத்தில் பயன்படுத்த, விமானத்துக்கு ஏற்றது என்ற முத்திரை அதில் இருக்க வேண்டும். அதற்கு மாற்றாக, இருக்கையோடு பூட்டும் கேர்ஸ் என்ற பட்டை இருக்கிறது: 10 முதல் 20 கிலோ எடை, ஒரு மீட்டர் உயரம் வரை. எல்லா விமான நிறுவனங்களும் இதை ஏற்பதில்லை. முன்கூட்டியே கேட்டு, பதிலை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

தங்குமிடம்: அதிக நேரம் செலவிட வேண்டிய இடம்

நான்கு நாள் நன்றாகப் போவதும் கெடுவதும் பெரும்பாலும் அறையைப் பொறுத்தது. விதி ஒன்று வைத்துக்கொள்ளலாம்: நீங்கள் அதிகம் சுற்றப்போகும் இடத்திலிருந்து, மதியம் வாசலுக்கு வாசல் இருபது நிமிடத்தில் அறைக்குத் திரும்ப முடிய வேண்டும். முடியாவிட்டால் ஓய்வு ஸ்ட்ரோலரிலேயே நடக்கும், அல்லது நடக்காது. நடக்காவிட்டால் மாலை ஐந்து மணிக்கு நடுத்தெருவில் பாட்டு ஆரம்பிக்கும். நகர மையத்தில் அறைக்குக் கூடுதலாகக் கொடுக்கும் பணம் இந்த மதியத் தூக்கத்துக்கான விலை. தள்ளிப் போய்ப் பெரிய அறை எடுப்பதைவிட மையத்தில் சின்ன அறை மேல்.

சின்ன அறைக்கு ஒரு சிக்கல் உண்டு. எட்டு மணிக்குக் குழந்தை தூங்கிவிட்டால், பெரியவர்கள் இருட்டில் போன் வெளிச்சத்தோடு உட்கார்ந்திருக்க வேண்டும். இதற்கு வழி, தனிப் படுக்கையறையுள்ள குடியிருப்பு, அல்லது நடுவில் தடுப்புள்ள அறை. இரண்டு அறைகள் எடுப்பதானால் ‘அடுத்தடுத்த அறை’ என்று கேட்காதீர்கள். அது வெறும் பக்கத்து அறையாக இருக்கலாம். உள்ளேயே கதவால் இணைந்த அறை வேண்டும் என்று குறிப்பாகக் கேட்டு, மின்னஞ்சலில் உறுதி வாங்குங்கள். பதிவுத் தளத்தில் குழந்தையின் வயதைச் சரியாகக் கொடுங்கள். இரண்டு பெரியவர் என்று மட்டும் போட்டுவிட்டுப் போனால், அறையின் அனுமதி எண்ணிக்கையைக் காட்டி வேறு அறைக்குப் பணம் கேட்க அவர்களுக்கு உரிமை உண்டு. குழந்தைத் தொட்டில் பெரும்பாலும் இரண்டு, மூன்று வயதுவரைதான். நான்கு வயதுக்குக் கூடுதல் கட்டில் வேண்டும், அல்லது அகலமான பெரிய கட்டில்.

பதிவு செய்யுமுன் கேட்க வேண்டியவை:

- லிஃப்ட் இருக்கிறதா? பழைய ஐரோப்பியக் கட்டடங்களில் ‘மூன்றாம் தளம்’ என்றால் நூறு படி இருக்கலாம்.
- கீழே மதுக்கூடம், இரவு உணவகம் உண்டா? இருந்தால் உள்முற்றம் பார்த்த அறை கேளுங்கள்.
- வரும் நாளில் எத்தனை மணிக்கு அறை கிடைக்கும்? காலையில் இறங்குவதாக இருந்தால், முந்தைய இரவையும் சேர்த்துப் பதிவு செய்வது சில நேரம் நியாயமான செலவே.
- நடந்து ஐந்து நிமிடத்தில் மளிகைக் கடையும் பத்து நிமிடத்தில் பூங்காவும் உண்டா?

உள்ளே நுழைந்ததும், பெட்டியைத் திறக்குமுன், ஐந்து நிமிடம் அறையைச் சுற்றிப் பாருங்கள். ஜன்னல் எவ்வளவு திறக்கிறது? பத்து சென்டிமீட்டருக்கு மேல் திறந்தால் பூட்டச் சொல்லுங்கள். பால்கனிக் கம்பிகளின் இடைவெளியும் அதே அளவுக்குள் இருக்க வேண்டும். அங்கிருக்கும் நாற்காலி, மேசையை உள்ளே இழுத்துவிடுங்கள், ஏனென்றால் விழுபவர்கள் பெரும்பாலும் ஏறித்தான் விழுகிறார்கள். கெட்டிலின் வயரை மேலே தூக்குங்கள். குழாயில் வெந்நீர் எவ்வளவு சூடாக வருகிறது என்று உங்கள் கையில் பாருங்கள். கட்டிலைச் சுவரோடு ஒட்டித் தள்ளி, திறந்த பக்கத்தில் விரிப்புக்கு அடியில் துண்டைச் சுருட்டி வைத்தால் உருண்டு விழாது. திரைச்சீலை நடுவில் பிளந்து வெளிச்சம் வருமானால், துணிக் கிளிப் இரண்டு போதும்.

மருந்துப் பை

காய்ச்சல் மருந்தை வீட்டிலிருந்தே கொண்டுபோங்கள். பாரசிட்டமால் அளவு எடையைப் பொறுத்தது: ஒரு கிலோவுக்கு 10 முதல் 15 மில்லிகிராம், குறைந்தது நான்கிலிருந்து ஆறு மணி நேர இடைவெளி, 24 மணி நேரத்தில் நான்கு தடவைக்கு மேல் வேண்டாம். 16 கிலோ குழந்தைக்கு ஒரு வேளைக்கு 160 முதல் 240 மில்லிகிராம். வெளிநாட்டில் வாங்க நேர்ந்தால் இங்கேதான் தவறு நடக்கும். சிரப்பின் செறிவு நாட்டுக்கு நாடு வேறு: 5 மில்லிலிட்டரில் 120, 160, 250 மில்லிகிராம் என்று பலவிதம். வீட்டில் கொடுக்கும் அதே ‘ஒரு கரண்டி’, அங்கே இரண்டு மடங்காகிவிடலாம். அமெரிக்காவிலும் ஜப்பானிலும் இதே மருந்துக்கு அசெட்டமினோஃபென் என்று பெயர். குழந்தையின் எடை, அதற்கான மில்லிகிராம், ஒவ்வாமை மூன்றையும் போனில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

சளி மருந்துகளில் எச்சரிக்கை தேவை. சூடோஎஃபெட்ரின் அதிகமுள்ள மருந்துகளை ஜப்பான் அனுமதிப்பதில்லை. கோடீன் கலந்த இருமல் மருந்துக்குப் பல நாடுகளில் கட்டுப்பாடு உண்டு. விமானத்தில் தூங்க வைப்பதற்காக ஒவ்வாமை மருந்து கொடுக்கும் பழக்கத்தை விட்டுவிடுங்கள். சில குழந்தைகளுக்கு அது நேர்மாறாக வேலை செய்து துள்ளல் கூடிவிடும்.

ஓ.ஆர்.எஸ். பாக்கெட், வெப்பமானி, பிளாஸ்டர், அளவு குறித்த சிரிஞ்ச், தொடர்ந்து எடுக்கும் மருந்துக்கு மருத்துவர் சீட்டு. ஓ.ஆர்.எஸ். பாக்கெட்டின் மேல் எவ்வளவு தண்ணீர் என்று பாருங்கள். ஒரு லிட்டருக்கானதும் 200 மில்லிலிட்டருக்கானதும் உண்டு. தடுப்பூசி ஏதும் விட்டுப்போயிருந்தால் கிளம்ப நான்கு முதல் ஆறு வாரம் முன்பே போட்டுவிடுங்கள்.

ஸ்ட்ரோலரும் பெட்டியும்

‘நாலு வயசாச்சு, நடப்பான்’ என்று ஸ்ட்ரோலரை வீட்டில் விட்டுவிட்டுப் போகாதீர்கள். வீட்டைச் சுற்றி நடப்பதும், நகரில் நாள் முழுவதும் நடப்பதும் ஒன்றல்ல. வரைபடம் பத்து நிமிட நடை என்று சொன்னால் இந்த வயதுக்கு இருபது நிமிடம் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு கையால் மடியும், எடை ஏழு கிலோவுக்குள் இருக்கும் ஸ்ட்ரோலர் போதும். அது தாங்கும் எடையைப் பாருங்கள்: சில மாடல்கள் 15 கிலோவோடு நின்றுவிடும், உங்களுக்கு 20 கிலோவுக்கு மேல் தாங்குவது வேண்டும். மடித்தால் 56 × 45 × 25 சென்டிமீட்டருக்குள் அடங்குவதைப் பல நிறுவனங்கள் கைப்பையாக ஏற்கின்றன. விமான வாசலில் ஒப்படைத்தால், இறங்கும்போது வாசலிலேயே தருவார்களா, பெல்ட்டில்தான் வருமா என்று கொடுக்கும்போதே கேளுங்கள். பெல்ட் என்றால் நீண்ட நடைபாதைக்குத் தயாராக இருக்க வேண்டும்.

கைப்பையில் குழந்தைக்கு இரண்டு மாற்று உடை, பெரியவருக்கு ஒரு மேல்சட்டை. வாந்தி வந்தால் குழந்தையின் உடை மட்டும் நனைவதில்லை. பவர் பேங்க் கைப்பையில்தான். செக்-இன் பெட்டியில் அனுமதி இல்லை, அதன் கொள்ளளவு 100 வாட்-மணிக்குள் இருக்கட்டும். குழந்தைக்கென்று ஒரு சின்னப் பை கொடுங்கள், ஆனால் ஒரு கிலோவுக்கு மேல் வேண்டாம். அரை மணி நேரத்தில் அது உங்கள் தோளுக்கு வரும் என்று தெரிந்தே கொடுங்கள். உணவு கொண்டுபோனால் சுங்க விதியைப் பாருங்கள்: ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் வெளியிலிருந்து இறைச்சி, பால் பொருள்கள் கொண்டுபோகத் தடை உண்டு. ஆஸ்திரேலியாவில் உணவுப் பொருளை அறிவிக்காமல் விட்டால் அபராதம்.

விமானத்தில்

பாதுகாப்புச் சோதனையில், கைப்பையில் திரவம் 100 மில்லிலிட்டருக்கு மேல் கூடாது என்ற விதியிலிருந்து குழந்தையின் பால், உணவு, மருந்துக்குப் பொதுவாக விலக்கு உண்டு. தனியாக எடுத்து வைத்து, கேட்குமுன் சொல்லுங்கள். புதிய ஸ்கேனர் உள்ள சில நிலையங்கள் இந்த விதியைத் தளர்த்தியிருக்கின்றன. திரும்பும் நிலையத்தில் அது இருக்கும் என்று எண்ணிவிடாதீர்கள்.

காது வலி ஏறும்போதைவிட இறங்கும்போதே அதிகம். காதையும் தொண்டையையும் இணைக்கும் குழாய் சின்னக் குழந்தைக்குக் குறுகலானது. விழுங்கும்போதுதான் அது திறந்து அழுத்தத்தைச் சமன் செய்யும். தூக்கத்தில் விழுங்குவது குறைவு. தரையிறங்க அரை மணி நேரம் இருக்கும்போது மெல்ல எழுப்பி, ஸ்ட்ரா வைத்த குவளையில் தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குடிக்கக் கொடுங்கள். கடுமையான சளியோ காது அழற்சியோ இருந்தால் கிளம்புமுன் மருத்துவரைப் பாருங்கள்.

படங்களைத் தரவிறக்கி, வீட்டிலேயே ஃபிளைட் மோடில் போட்டு ஓடுகிறதா என்று சோதியுங்கள். சில செயலிகள் இணையம் இல்லாமல் உள்ளேயே நுழைய விடாது. ஹெட்போன் 85 டெசிபெல் வரம்புள்ளதாக இருக்கட்டும். அதைத் தலையில் மாட்டப் பழக்குவதும் வீட்டிலேயே நடக்க வேண்டும்.

நாளை அடுக்குவது

ஒரு நாளைக்கு ஒரு இடம். இரண்டாவது இடம் இருக்கலாம், ஆனால் விட்டுவிட்டாலும் வருத்தமில்லாததாக. காலை ஒன்பதரைக்குள், திறக்கும் நேரத்திலேயே அருங்காட்சியகம் அல்லது விலங்குக் காட்சிசாலை. அறுபதிலிருந்து தொண்ணூறு நிமிடம். முன்கூட்டியே மூன்று பொருள்களைத் தேர்ந்து, அவற்றின் படத்தைக் குழந்தைக்குக் காட்டிவிடுங்கள். மற்றதை விட்டுவிடலாம். பிறகு பூங்காவில் அரை மணி நேர ஓட்டம், சாப்பாடு, ஒரு மணிக்கு அறை. மூன்றரைக்கு மீண்டும் வெளியே: படகு, டிராம், கேபிள் கார் என்று உட்கார்ந்தபடி பார்ப்பது ஏதாவது.

உயரமான கோபுரங்களைத் தள்ளிவிடலாம். ஒரு மணி நேர வரிசை, மேலே பத்து நிமிடம், அதிலும் தடுப்புச் சுவர் குழந்தையின் தலைக்கு மேலே. டோக்கியோ போன்ற ஊர்களில் காலை ஏழரையிலிருந்து ஒன்பதுவரை ரயிலில் ஏறாதீர்கள்.

வந்து இறங்கிய நாளில் எதுவும் வைக்க வேண்டாம், விளையாட்டுத் திடலைத் தவிர.

சாப்பாட்டு நேரத்தை ஊரின் வழக்கத்தோடு ஒப்பிட்டுப் பாருங்கள். ஸ்பெயினில் பல உணவகங்கள் இரவு எட்டரைக்கு மேல்தான் திறக்கும். அங்கே மதியம்தான் பெரிய சாப்பாடு, இரவுக்கு அறையிலேயே எளிதாக ஏதாவது. இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை கொஞ்சம் தின்னக் கொடுத்துக்கொண்டே இருந்தால், அடம் பாதி குறையும். குழந்தைக்குக் கோபம் என்று நாம் நினைப்பது பல நேரம் பசிதான்.

கழிவறைக்கு இந்த வயது தரும் அவகாசம் ஐந்து நிமிடம். எந்த இடத்திலிருந்து கிளம்பினாலும், வேண்டாம் என்றாலும், ஒரு முறை போய்வரச் சொல்லுங்கள். தானாகத் தண்ணீர் பாயும் கழிவறைகள் உட்கார்ந்திருக்கும்போதே சீறி, குழந்தையைப் பயமுறுத்திவிடும். அதன் பிறகு பயணம் முழுக்க அடக்கிக்கொண்டே இருக்கும். சென்சார் மேல் ஒட்டுத்தாள் ஒன்றை ஒட்டினால் பிரச்சினை தீர்ந்தது. பல ஐரோப்பிய நகரங்களில் கட்டணக் கழிவறைகள் என்பதால் சில்லறை இருக்கட்டும்.

டிக்கெட் எடுக்குமுன் வயது வரம்பைப் பாருங்கள். நகரப் போக்குவரத்தில் லண்டனில் ஐந்து வயதுக்குட்பட்டோரும், பெர்லினில் ஆறு வயதுக்குட்பட்டோரும், பாரிஸில் நான்கு வயதுக்குட்பட்டோரும் இலவசம். டாக்சிக்குப் பல நாடுகளில் கார் சீட் விலக்கு இருக்கிறது, ஆனால் மோதினால் சட்டம் காப்பாற்றாது. விமான நிலையத்திலிருந்து ரயிலில் போங்கள், அல்லது குழந்தையின் உயரம், எடை சொல்லிச் சீட்டுடன் கூடிய காரை முன்பதிவு செய்யுங்கள்.

கூட்டத்தில் பிரிந்துவிட்டால்

தினமும் காலையில் கிளம்பும்போது குழந்தையை முழு உருவப் படம் எடுத்துவிடுங்கள். பதற்றத்தில் சட்டை நிறம் நினைவுக்கு வராது. நாட்டுக் குறியீட்டோடு உங்கள் எண்ணைக் கைப்பட்டையில் எழுதிக் கட்டுங்கள். டிராக்கர் வைத்தால் நல்லதுதான், ஆனால் அது அருகிலிருக்கும் போன்கள் வழியாகத்தான் இடம் சொல்லும், ஒவ்வொரு நொடியும் அல்ல. குழந்தைக்குச் சொல்லித்தர வேண்டியது சுருக்கமாக: அங்கேயே நில், சத்தமாகக் கூப்பிடு, பிள்ளையோடு இருக்கும் ஒரு அம்மாவிடம் சொல்.

மெட்ரோவில் பெரியவர் இருவர் என்றால் ஒருவர் முன்னே, குழந்தை நடுவே, மற்றவர் பின்னே. ஒருவர்தான் என்றால் கையைப் பிடித்தபடி ஒன்றாகவே ஏறுங்கள். குழந்தையை முன்னால் அனுப்பிவிட்டு ஸ்ட்ரோலரைத் தூக்கக் குனியவே கூடாது. கதவு மூடிப் பிரிந்தால், ரயிலில் இருப்பவர் அடுத்த நிலையத்தில் இறங்கி நிற்பது, நடைமேடையில் இருப்பவர் அடுத்த ரயிலில் அங்கே வருவது என்று பெரியவர்கள் முன்பே பேசி வைத்துக்கொள்ளுங்கள். குழந்தை நடைமேடையில் தனியாக நின்றுவிட்டால் மட்டும் உடனே அவசர பொத்தான். ஐரோப்பிய ஒன்றியம் முழுவதும் அவசர எண் 112, ஜப்பானில் ஆம்புலன்ஸ் 119, சிங்கப்பூரில் 995.

திரும்பும் நாள்

அறையைக் காலி செய்யும் நேரத்துக்கும் விமானத்துக்கும் நடுவே ஆறு மணி நேரம் இருந்தால், பெட்டிகளை ஹோட்டலில் விட்டுவிட்டு ஏற்கெனவே போன பூங்காவுக்கே போங்கள். புதிய இடம் வேண்டாம். பள்ளி தொடங்குவதற்கு முன் ஒரு முழு நாள் வீட்டில் இருக்கும்படி விமானத்தை வைத்துக்கொள்ளுங்கள்.

இறங்கியதும், பெல்ட்டிலிருந்து எடுத்த ஸ்ட்ரோலரை அங்கேயே விரித்து, நான்கு சக்கரமும் பிரேக்கும் மடிப்புப் பூட்டும் சரியா என்று பாருங்கள். உடைந்திருந்தால் அந்த மண்டபத்தை விட்டு வெளியேறுமுன் பேக்கேஜ் கவுண்டரில் புகார் எண் வாங்கி, அதே இடத்தில் படமும் எடுத்துக்கொள்ளுங்கள். சர்வதேச விமானப் பயணத்துக்கான மாண்ட்ரியல் உடன்படிக்கையின்படி, ஒப்படைத்த பொருளுக்கான சேதப் புகாரை ஏழு நாளுக்குள் எழுத்தில் கொடுத்தால்தான் செல்லும். பொருள் வந்து சேரத் தாமதமானால் கையில் கிடைத்ததிலிருந்து 21 நாள்.